வெள்ளையராக இருப்பதன் உளவியல்

2022 ஏப்ரலில் ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட ஒரு சட்டம், மனிதர்களின் உணர்ச்சிகளுக்குள் கைவைத்தது. 'ஸ்டாப் வோக்' என்று எல்லோரும் அழைக்கும் அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு சொல்வது இது: தன் இனத்தவர் கடந்த காலத்தில் செய்த, தனக்கு எந்தப் பங்கும் இல்லாத செயல்களுக்காக ஒருவர் குற்றவுணர்வோ மனவேதனையோ வேறு வகை உளவியல் துன்பமோ அடைந்தாக வேண்டும் என்று வகுப்பறையிலோ பணியிடப் பயிற்சியிலோ வலியுறுத்தக் கூடாது. சட்டம் எந்த இனத்தையும் பெயர் சொல்லவில்லை. யாருடைய மனவேதனையைத் தடுக்க அது வந்தது என்பதில் மட்டும் அமெரிக்காவில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பணியிடப் பயிற்சி தொடர்பான பகுதிக்கு விதிக்கப்பட்டிருந்த தடையை, பேச்சுரிமையைக் காரணம் காட்டி 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

அந்தச் சட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் காற்று எதிர்த்திசையில் அடித்தது. 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்ட பிறகு, ராபின் டிஆஞ்சலோ 2018-இல் எழுதிய 'ஒயிட் ஃப்ரஜிலிட்டி' விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. நிறுவனங்கள் ஊழியர்களைக் கூட்டிவைத்துப் பயிற்சி நடத்தின. இனம் என்ற பேச்சை எடுத்தாலே வெள்ளையர் கோபம், கண்ணீர், வாக்குவாதம், மௌனம் என்று ஏதோ ஒன்றுக்குள் புகுந்துகொள்கிறார்கள் என்பது டிஆஞ்சலோவின் வாதம். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள்: வெள்ளையர் குற்றவுணர்வு கொள்ள வேண்டுமா, கூடாதா?

இந்தத் துறையில் நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளைப் படித்தால், கேள்வியே குறுகலாக இருப்பது தெரிகிறது. குற்றவுணர்வு பல எதிர்வினைகளில் ஒன்று. அதிகம் பேசப்படுவது அதுதான், ஆனால் காரியத்துக்கு அதிகம் உதவுவது அது இல்லை.

முதலில் ஓர் எளிய விஷயம். தன்னை வெள்ளையர் என்று நினைத்துக்கொள்பவர் எத்தனை பேர்? 2019-இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம், உங்கள் இனம் உங்கள் அடையாளத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்டது. மிக முக்கியம் என்ற பொருளில் பதில் சொன்னவர்கள் கறுப்பினத்தவரில் 74 சதவீதம், ஹிஸ்பானியரில் 59, ஆசியரில் 56. வெள்ளையரில் சுமார் 15.

இதைப் பார்த்து வெள்ளையர்கள் இன உணர்வைக் கடந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டுபவர் உண்டு. செருப்பு கடித்தால்தான் காலின் நினைப்பு வரும் என்பதே சரியான விளக்கமாக எனக்குப் படுகிறது. பெக்கி மக்கின்டாஷ் என்ற கல்வியாளர் 1980-களின் கடைசியில் தன் அன்றாடத்திலிருந்து ஒரு பட்டியல் எழுதினார். கடையில் 'சதை நிறம்' என்று விற்கும் காயப்பட்டை தன் தோலோடு ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது என்பது அதில் ஓர் உருப்படி. அற்ப விஷயம்தான். அது அற்பமாகத் தோன்றும் அளவுக்கு அவர் வாழ்க்கை வசதியாக அமைந்திருந்தது என்பதைத்தான் அந்தப் பட்டியல் காட்டியது.

அந்த வசதி தானாக வந்துவிடவில்லை. 1790-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், வந்து குடியேறியவர்களில் அடிமையல்லாத வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை வழங்கியது. அதனால் தான் வெள்ளையர் என்று நீதிமன்றத்தில் வாதாட வேண்டிய நிலை பலருக்கு வந்தது. பஞ்சாபிலிருந்து போய், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த், மானுடவியல் வகைப்பாட்டின்படி தானும் வெள்ளையர் பட்டியலில் வருபவனே என்று வாதிட்டார். 1923-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது; புத்தக வகைப்பாடு எதுவாக இருந்தாலும் சாதாரண மனிதனின் பார்வையில் அவர் வெள்ளையர் இல்லை என்றது. அரை நூற்றாண்டு கழித்து 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்திய வம்சாவளியினரை வெள்ளையர் கணக்கில் சேர்த்தது, 1980-இல் மறுபடி பிரித்தெடுத்தது. இடையில் யாருடைய தோலும் மாறவில்லை.

குடியிருப்புகளின் கதையும் இதுவே. 1947-இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வில்லியம் லெவிட் கட்டத் தொடங்கிய லெவிட்டவுன், போரிலிருந்து திரும்பிய வீரர்களின் குடும்பங்களுக்கான குறைந்த விலைக் குடியிருப்பு. 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அரசு உத்தரவாதத்தோடு கடன் கிடைத்தது. ஆனால் வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. போரில் சண்டையிட்ட கறுப்பின வீரருக்கும் அதே விதிதான். அப்படிப்பட்ட புறநகரில் பிறந்து வளரும் வெள்ளைக் குழந்தைக்குத் தன் தெரு ஒரு தெரு, தன் பள்ளி ஒரு பள்ளி. அவை வடிகட்டி உருவாக்கப்பட்டவை என்று அதனிடம் சொல்ல அங்கே யாரும் இல்லை.

இந்த இடத்திலிருந்துதான் ஜேனட் ஹெல்ம்ஸ் தொடங்கினார். கறுப்பினப் பெண்ணான இந்த உளவியலாளர், தன் வெள்ளையர் இன அடையாளக் கோட்பாட்டை 1984-இல் முன்வைத்தார். ஒரு கறுப்பினத்தவர் தன் இனத்தைப் பற்றிய சுயவெறுப்பிலிருந்து சுயமதிப்புக்கு எப்படி நகர்கிறார் என்பதை வில்லியம் கிராஸ் 1971-லேயே விவரித்திருந்தார். எதிர்ப்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று ஹெல்ம்ஸ் கேட்டார். அடையாளம் என்பது சிறுபான்மையினருக்கு மட்டுமே உரிய சங்கதி என்று உளவியல் துறை நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் அது புதிய கேள்வி.

அவர் விவரிக்கும் பாதையை, அப்படிப்பட்ட புறநகரில் வளர்ந்த ஓர் இளைஞரை வைத்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் அவருக்கு இனம் ஒரு பொருட்டே இல்லை. எல்லோரும் மனிதர்தானே என்பார், மனதாரவே சொல்வார். பிறகு ஒருநாள் கல்லூரி அறைத்தோழனோடு காரில் போகிறார். காவலர் வண்டியை நிறுத்துகிறார். கறுப்பினத் தோழனின் கைகள் உடனே டாஷ்போர்டுக்கு மேலே போகின்றன, குரல் மாறுகிறது. சோதனை முடிந்ததும் தோழன் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறான். இவருக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று வளர்ந்த நம்பிக்கையும் கண்ணால் கண்டதும் ஒத்துப்போகவில்லை. ஹெல்ம்ஸ் கோட்பாட்டின் மையம் இந்தக் குலைவுதான்.

குலைந்த நிலையில் யாரும் அதிக நாள் இருக்க மாட்டார்கள். வெளியேற வழிகள் இருக்கின்றன. அந்த மாதிரி இடங்களுக்கே போகாமல் இருந்துவிடலாம். தோழன் ஏதோ செய்திருப்பான், காவலர் காரணமில்லாமல் நிறுத்துவாரா என்று பழியை மறுபக்கம் தள்ளி, பழைய நம்பிக்கையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். கோபமும் பயமும் அங்கே குடியேறுகின்றன. அதைத் தாண்டுபவர் பலர், கறுப்பினத்தவருக்கு உதவுவதே தீர்வு என்ற கட்டத்தில் தங்கிவிடுகிறார்கள். உதவி என்று அவர்கள் நினைப்பது பெரும்பாலும் கறுப்பினத்தவரைத் தங்களைப் போல மாற்றுவதை. பாகுபாட்டை எதிர்த்த வெள்ளையர்களின் வரலாற்றைத் தேடிப் படித்து, வெள்ளையராக இருப்பது என்றால் என்ன என்று தன்னையே கேட்டுக்கொள்வது அடுத்தது. பதற்றமோ தற்காப்போ இல்லாமல் தன் இனத்தை ஒப்புக்கொண்டு, அதன் சலுகைகளை விட்டுக்கொடுக்கத் தயாராவது கடைசி.

படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாக ஏறி முடிப்பது என்று இதைப் புரிந்துகொண்டவர்கள் நிறைய. 1995 வாக்கில் ஹெல்ம்ஸ் அந்தப் புரிதலைத் திருத்தி, இவை ஒரே மனிதருக்குள் சேர்ந்தே இருக்கக்கூடிய நிலைகள், சூழலுக்கேற்ப ஒன்று மேலெழும் என்றார். கோட்பாட்டுக்கு எதிர்ப்பும் வந்தது. ஒடுக்கப்பட்டவரின் அனுபவத்துக்குத் தைத்த சட்டகத்தை மற்றவருக்கு மாட்டிவிடுகிறது என்றும், வெள்ளையர் தம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைவிடக் கறுப்பினத்தவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையே அளக்கிறது என்றும் 1994-இல் ரோ, பென்னட், அட்கின்சன் ஆகியோர் விமர்சித்தார்கள். இரண்டாவது குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தக் குலைவின் கணத்தை இவ்வளவு துல்லியமாகப் பிடித்தவர் வேறு யாரும் இல்லை.

குலைவைத் தவிர்க்க மனிதர்கள் எவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. மைக்கேல் நார்ட்டன், சாமுவேல் சோமர்ஸ், இவான் ஏப்ஃபெல்பாம் ஆகியோர் நடத்தியது. மேசை முழுக்க முகங்களின் படங்கள். எதிரே இருப்பவர் அவற்றில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வார்; ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைக் கேட்டு, முடிந்தவரை குறைந்த கேள்விகளில் அந்த முகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். படத்தில் இருப்பவர் கறுப்பினத்தவரா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதி படங்கள் கழிந்துவிடும். ஆணா பெண்ணா என்று தயங்காமல் கேட்ட வெள்ளையர்கள் இந்தக் கேள்வியில் தடுமாறினார்கள். எதிரே இருப்பவர் கறுப்பினத்தவர் என்றால் கேள்வி வாயிலிருந்து இன்னும் அரிதாகவே வந்தது. ஆட்டத்தில் தோற்றாலும் பரவாயில்லை, இனத்தைக் கவனித்தவன் என்ற பெயர் வேண்டாம்.

இதையே குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் கூச்சமில்லாமல் கேட்டு ஜெயித்தார்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள், மற்றபடி கெட்டிக்காரர்களாக இருந்தும், இதில் பின்தங்கினார்கள். அந்த இரண்டு வருடத்தில், இனம் வாயில் வரக் கூடாத விஷயம் என்பதை யாரோ சொல்லாமலே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தன்னை நல்லவராகக் காட்டும் என்று நினைத்துத்தான் பெரியவர்கள் இனத்தைத் தவிர்த்தார்கள். கறுப்பினப் பார்வையாளர்களுக்கோ, இனம் வெளிப்படையாகப் பொருந்தும் இடத்தில் அதைத் தவிர்ப்பதே ஒருவித வெறுப்பாகத் தெரிந்தது. ஒலியை நீக்கிவிட்டுக் காட்சியை மட்டும் பார்த்தவர்களும், தவிர்த்தவர்களின் உடல்மொழியில் நட்பு குறைவாக இருப்பதாகச் சொன்னார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் 'நாங்கள் சாதியெல்லாம் பார்ப்பதில்லை' என்ற வாக்கியம் காதில் விழுந்திருக்கும். அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐஐடியை ஆராய்ந்து 2019-இல் எழுதிய 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்', சாதியால் கிடைத்த வசதி தகுதி என்ற பெயரில் எப்படி மறைந்துகொள்கிறது என்பதைப் பேசுகிறது. இனமும் சாதியும் ஒன்றல்ல. தோலில் தெரிவதும் தெரியாததும் மனத்தில் வேறு வேறு விதமாக வேலை செய்யும். தன் அடையாளம் தனக்கே தெரியாமல் இருப்பது மேலே இருப்பவருக்கு மட்டும் வாய்ப்பது என்ற ஒரு விஷயத்தில்தான் இந்த ஒப்பீடு நிற்கும். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

2004-இல் லிசா ஸ்பேனியர்மன், மேரி ஹெப்னர் இருவரும் 16 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். இனவெறி வெள்ளையரின் மனத்தில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதை அது மூன்றாகப் பிரித்தது: பாதிக்கப்பட்டவருக்காக வரும் வருத்தமும் கோபமும், வெள்ளையராக இருப்பதன் குற்றவுணர்வு, மற்ற இனத்தவரைக் குறித்த பயம். இனவெறியால் வெள்ளையரும் இழக்கிறார்கள் என்ற சொல்லாடல் சிலருக்கு எரிச்சலூட்டலாம். காவலர் நிறுத்தினால் உயிருக்குப் பயப்படுபவரின் நிலையையும், பின்னால் வயிறு பிசைபவரின் நிலையையும் ஒரே தட்டில் வைக்கவில்லை என்பதை இருவரும் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள்.

அளவுகோலின் பயன், இந்த மூன்றும் ஒன்றாகவே ஏறி இறங்க வேண்டியதில்லை என்று காட்டியதில் இருக்கிறது. 2006-இல் வெள்ளையின மாணவர்களை இதைக்கொண்டு வகைப்படுத்தியபோது ஐந்து கூட்டங்கள் பிரிந்தன. வருத்தமும் குற்றவுணர்வும் மிகுந்து பயம் குறைந்தவர்கள் ஒரு கூட்டம். வருத்தப்படுவார்கள், ஆனால் தமக்கு அதில் பொறுப்பு இருப்பதாக நினைக்காதவர்கள் இன்னொன்று. குற்றவுணர்வும் இருக்கிறது, பயமும் இருக்கிறது என்ற கூட்டம் ஒன்று. எதுவும் உறைக்காதவர்கள் ஒன்று. இரக்கமே இல்லாமல் பயம் மட்டும் இருந்தவர்கள் ஐந்தாவது. வெள்ளையர் இப்படித்தான் என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கும் பயிற்சியாளர், இந்த ஐந்து கூட்டத்துக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறார்.

குற்றவுணர்வுக்கு வருவோம். ஆர்த்தி ஐயர், காலின் லீச், ஃபே கிராஸ்பி 2003-இல் வெளியிட்ட ஆய்வு, குற்றவுணர்வு கொண்ட வெள்ளையர் கடந்த காலத் தவறுக்கு ஈடுகட்டும் திட்டங்களை ஆதரிப்பதாகக் கண்டது. கறுப்பினத்தவருக்குப் புதிய வாய்ப்புகளைத் திறக்கும் திட்டம் என்றதும் குற்றவுணர்வுக்கு வேலை இல்லாமல் போனது. அங்கே துணைநின்றது பாதிக்கப்பட்டவர்மேல் வரும் பரிவு. குற்றவுணர்வு தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். கடன் தீர்ந்துவிட்டது என்று தோன்றியதும் கண்ணை மூடிக்கொள்ளும்.

அதோடு அது எளிதில் தற்காப்பாக மாறிவிடும். ஸ்டான்ஃபோர்டில் டெய்லர் ஃபிலிப்ஸும் பிரையன் லோவரியும் செய்து 2015-இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளையருக்கு இருக்கும் சலுகைகளைப் பற்றி ஒரு குறிப்பைப் படித்தவர்கள், படிக்காதவர்களைவிடத் தம் வாழ்க்கையில் அதிகக் கஷ்டங்கள் இருந்ததாகச் சொன்னார்கள். எங்களுக்கு யாரும் தங்கத்தட்டில் வைத்து நீட்டவில்லை என்ற பதில் உள்ளிருந்து தானாக வருகிறது. முதலில் தம் நல்ல குணங்களை நினைத்துப் பார்க்கும் வாய்ப்பு கொடுத்தால், அந்தப் பதிலின் வேகம் தணிந்தது. டிஆஞ்சலோவின் புத்தகத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதை ஒட்டியது. மறுத்துப் பேசினால் அதுவே உன் பலவீனத்துக்குச் சான்று என்றால், எதிரே இருப்பவருக்கு ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை. மொழியியலாளர் ஜான் மக்வோர்ட்டர் 2020-லேயே இதைக் கடுமையாகச் சாடினார். வெள்ளையரின் தற்காப்பு உண்மையானது. ஆனால் எல்லா மறுப்பும் தற்காப்பு ஆகிவிடாது.

ஏழை வெள்ளையரின் மறுப்பைப் பாருங்கள். சுரங்கம் மூடிய மேற்கு வர்ஜீனியா ஊரில் இருப்பவரிடம் போய் உனக்குச் சலுகை உண்டு என்றால் அவர் எதைக் கண்டு ஒப்புக்கொள்வார்? 1935-இல் சமூகவியலாளர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்: குறைந்த கூலி வாங்கிய வெள்ளைத் தொழிலாளிக்கு, மரியாதை என்ற பெயரில் ஒரு மனக் கூலியும் சேர்த்துக் கிடைத்தது. அந்தக் கூலி வயிற்றை நிரப்பவில்லை, ஆனால் கறுப்பினத் தொழிலாளியோடு சேரவிடாமல் தடுத்தது. எரின் கூலியும் சகாக்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. சமூக விஷயங்களில் தாராளக் கருத்துடையவர்கள் வெள்ளையர் சலுகை பற்றிப் படித்த பிறகு, வறுமையில் வாடும் வெள்ளையர்மேல் அவர்களுக்கு இருந்த பரிவு குறைந்தது; கறுப்பின ஏழைமேல் இருந்த பரிவு கூடவில்லை. பாடம் நடத்தியதில் ஒருவருக்கும் லாபமில்லை.

பயம் வேறு வகை. 2020 கணக்கெடுப்பில் ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையரின் பங்கு 57.8 சதவீதம், பத்து ஆண்டுகளுக்கு முன் 63.7. இருபது, முப்பது ஆண்டுகளில் வெள்ளையர் பாதிக்கும் கீழே போவார்கள் என்ற செய்தியைப் படிக்கவைத்ததும், எந்தக் கட்சியையும் சாராத வெள்ளையர்கூடப் பழமைவாதத்தின் பக்கம் சாய்வதை மாரீன் கிரெய்க், ஜெனிஃபர் ரிச்சசன் இருவரும் 2014-இல் காட்டினார்கள். இனத்தோடு சம்பந்தமே இல்லாத கொள்கைகளிலும் அந்தச் சாய்வு தெரிந்தது.

இங்கே ஆஷ்லி ஜார்டினா 2019-இல் எழுதிய 'ஒயிட் ஐடென்டிட்டி பாலிடிக்ஸ்' உதவுகிறது. வெள்ளையரில் 30 முதல் 40 சதவீதம் பேருக்குத் தாம் வெள்ளையர் என்ற உணர்வு வலுவாகவே உண்டு என்கிறார் அவர். கேள்வி கேட்ட விதம் வேறு என்பதால் பியூ எண்ணோடு இது முட்டவில்லை. அந்த உணர்வு உள்ள எல்லோரும் மற்றவர்களை வெறுப்பவர்கள் இல்லை. முதியோர் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் தம்மவருக்கான திட்டங்கள் என்று கருதி ஆதரிப்பவர்கள் அவர்களில் நிறைய. 2017 ஆகஸ்டில் சார்லட்ஸ்வில் நகரில் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போன வெள்ளை இனவெறியர்களையும் இவர்களையும் ஒரே பெயரில் அழைத்தால், பின்னவர்களை முன்னவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மிச்சம்.

பயம் குறைவதற்கான வழி மட்டும் ஓரளவு தெளிவாகவே தெரிந்திருக்கிறது. தாமஸ் பெட்டிகுரூ, லிண்டா ட்ராப் இருவரும் 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் சொன்னது, வெவ்வேறு குழுவினர் நேரில் பழகினால் வெறுப்பு குறைகிறது என்பது. இரண்டு ஆண்டு கழித்து ஏன் குறைகிறது என்று பார்த்தார்கள். மற்றவரைப் பற்றிய தகவல் கூடுவதால் கிடைத்த பலன் சிறியது. பதற்றம் தணிவதும் மற்றவர் நிலையிலிருந்து பார்க்க முடிவதும்தான் பெரிய பங்கு வகித்தன. பிரச்சினை, பழகுவதற்கு ஆள் வேண்டும். 2013-இல் பிஆர்ஆர்ஐ நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில், முக்கியமான விஷயங்களைப் பேசும் நெருங்கிய வட்டத்தில் வெள்ளையர் தவிர யாருமே இல்லை என்றவர்கள் வெள்ளையரில் நான்கில் மூன்று பங்கு. லெவிட்டவுன் ஒப்பந்த வாசகங்கள் எப்போதோ செல்லாமல் போய்விட்டன. அவை வரைந்த தெருக்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

அதனால்தான் மார்ட்டன் டாய்ச், மேரி எவன்ஸ் காலின்ஸ் 1951-இல் வெளியிட்ட பழைய ஆய்வு இன்றும் படிக்கத் தகுந்தது. நியூயார்க்கில் இனம் பாராமல் வீடு ஒதுக்கிய இரண்டு அரசுக் குடியிருப்புகளையும், நியூவார்க்கில் வெள்ளையருக்குத் தனிக் கட்டடம், கறுப்பினத்தவருக்குத் தனிக் கட்டடம் என்று பிரித்த இரண்டையும் எடுத்துக்கொண்டு, அங்கே குடியிருந்த இல்லத்தரசிகளிடம் பேசினார்கள். கலந்து வாழ்ந்த இடத்தில் வெள்ளையினப் பெண்கள் பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பெண்ணோடு பழகினார்கள், கறுப்பினத்தவரைப் பற்றி உயர்வாகவும் பேசினார்கள். பிரித்துவைத்த இடத்தில் அது நடக்கவில்லை. எந்தப் பெண்ணுக்கும் யாரும் பயிற்சி தரவில்லை, குற்றவுணர்வு கொள்ளச் சொல்லவும் இல்லை. வீட்டுவசதி வாரியம் யாருக்கு எந்தக் கதவு எண்ணைக் கொடுத்தது என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஆய்வின் முடிவைப் பார்த்த பிறகு நியூவார்க் வாரியம் தனித்தனிக் கட்டடம் என்ற தன் கொள்கையைக் கைவிட்டது.